முதலில் கோப்பைகளை எண்ணுங்கள், பிறகு கெண்டியை வாங்குங்கள்

தம்பி, நீங்கள் கேட்டது இது. ஈப்போவில் ஒரு சீனத் தேயிலைக் கடைக்குப் போயிருக்கிறீர்கள். அலமாரி முழுக்கச் சீனாவின் யீசிங் ஊரில் செய்த மண் கெண்டிகள். ஒரே வடிவத்தில் எலுமிச்சம்பழம் அளவில் ஒன்று, அதன் பக்கத்திலேயே தேங்காய் அளவில் ஒன்று. எந்த அளவு வாங்குவது, ஒன்று போதுமா, ஒவ்வொரு தேயிலைக்கும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டுமா, தாத்தா காலத்துப் பெரிய கெண்டி ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறதே, அதைப் புழங்கலாமா? (டீ பாட் என்று நாம் சொல்வதைத்தான் கெண்டி என்கிறேன். மூக்கு வைத்த பாத்திரத்துக்கு நம்மிடம் உள்ள பழைய சொல் அது. மலாயிலும் கெண்டி என்றே இருக்கிறது.)

இருபது வருடமாக இவற்றைச் சேர்க்கிறேன். வீட்டில் நாற்பதுக்கு மேல் இருக்கின்றன. தினமும் கை போவது ஐந்தின் மேல்தான். அந்த ஐந்தும் எப்படி நிலைத்தன என்று ஒருநாள் உட்கார்ந்து யோசித்தேன். விலையுயர்ந்த மண் என்பதாலோ, அடியில் பேர்போன முத்திரை இருப்பதாலோ அவை நிலைக்கவில்லை. எங்கள் வீட்டில் எத்தனை பேர், எந்த நேரத்தில், எவ்வளவு குடிக்கிறோமோ அதற்கு அளவு சரியாக இருந்ததால் நிலைத்தன. மற்றவை அழகுக்கு இருக்கின்றன. அதனால் உங்களுக்கும் அளவிலிருந்தே தொடங்குகிறேன்.

கடைக்காரர் 120 மில்லி என்று சொன்னால், கெண்டியை விளிம்புவரை நிரப்பினால் கொள்ளும் தண்ணீர் அது. இலை ஊறிப் பருத்ததும் கால் பங்குக்கு மேல் இலையே இடம் பிடித்துக்கொள்ளும். கோப்பைகளில் விழுவது 80, 90 மில்லிதான். தென் சீனாவின் சாவ்ஜோ ஊர்ப் பாணிச் சிறு கோப்பை ஒன்று 25 முதல் 30 மில்லி பிடிக்கும். ஆக 120 மில்லி கெண்டி என்றால் மூன்று பேருக்கு ஒரு சுற்று. பழைய வியாபாரிகள் மில்லிக் கணக்கே பேசமாட்டார்கள். இரண்டு கோப்பைக் கெண்டி, நான்கு கோப்பைக் கெண்டி, ஆறு, பத்து என்பார்கள். அவர்கள் மனதில் உள்ள கோப்பை இன்னும் சின்னது. ஆறு கோப்பைக் கெண்டி என்பது ஏறத்தாழ 120 மில்லிதான் வரும், அதை ஆறு பேருக்கு என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். கடைச்சீட்டில் போட்டிருக்கும் அளவையும் அப்படியே நம்ப வேண்டாம். காலிக் கெண்டியைச் சமையல் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒரு கிராமுக்கு ஒரு மில்லி. சூளையில் மண் சுருங்குவதால் ஒரே கை செய்த ஒரே வடிவம்கூடச் சில மில்லி முன்பின் இருக்கும்.

இவ்வளவு சின்னப் பாத்திரம் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் சீனத் தேநீரின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1391இல் மிங் வம்சத்தின் முதல் பேரரசர் ஹோங்வூ, அரண்மனைக்கு வில்லைகளாக இடித்துக் கட்டிய தேயிலையைத் திறையாக அனுப்ப வேண்டாம், உதிரி இலையாகவே அனுப்புங்கள் என்று உத்தரவிட்டார். அதுவரை மேல்மட்டத்தில் தேயிலையைப் பொடித்து, கிண்ணத்தில் நுரைக்க அடித்துக் குடித்தார்கள். உதிரி இலை பரவியபின் அதை ஊறவைத்து வடிக்க ஒரு பாத்திரம் வேண்டியிருந்தது. ஜியாங்சு மாநிலத்தில் தாய் ஏரியின் மேற்குக் கரைப்பக்கம் இருக்கும் யீசிங், அங்குள்ள டிங்ஷு ஊர், அதன் பக்கத்து மஞ்சள் நாக மலையின் பாறை மண், மூன்றும் அந்த இடத்தில்தான் கதைக்குள் வருகின்றன. அந்த மண்ணைச் சீனர்கள் ஸிஷா என்பார்கள், ஊதா மணல் என்று பொருள்.

ஆனால் முதலில் செய்தவை சிறியவை அல்ல. 1533இல் இறந்த வூ ஜிங் என்ற அரண்மனை அதிகாரியின் கல்லறையை நான்ஜிங்கில் தோண்டியபோது ஒரு ஸிஷா கெண்டி கிடைத்தது. மேலே வளைந்த பிடியோடு, ஏறக்குறைய ஒரு சாண் உயரம். நாம் இன்று அதைப் பார்த்தால் தண்ணீர் காய்ச்சும் கெட்டில் என்றே நினைப்போம். அதே நூற்றாண்டின் தொடக்கத்தில் கோங்ச்சுன் என்ற வேலைக்காரச் சிறுவன், தன் எஜமானர் தங்கிப் படித்த கோயிலில் ஒரு துறவி கெண்டி செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டான் என்று யீசிங்காரர்கள் தங்கள் தொழிலின் தொடக்கமாகச் சொல்வார்கள். அவன் வழியைப் பின்பற்றிய ஷி டாபின், 1600ஐ ஒட்டி வாழ்ந்தவர், ஆரம்பத்தில் பெரிய கெண்டிகளைத்தான் செய்தார். பிறகு பயணம் போன இடத்தில் சென் ஜிரு முதலான அறிஞர்கள் தேநீர் பற்றிப் பேசியதைக் கேட்டுவிட்டு வந்து அளவைக் குறைத்தார். எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடிக்கும். குடிப்பவர்களின் பேச்சைக் கேட்டு ஒரு குயவர் தன் கையை மாற்றியிருக்கிறார்.

அதே மிங் காலத்தில் ஃபெங் கபின் என்பவர் காரணத்தையும் எழுதிவைத்தார். கெண்டி சிறிதாக இருப்பதே மேல், விருந்தினர் ஒவ்வொருவருக்கும் ஒரு கெண்டி கொடுத்துவிட வேண்டும், அவரவர் ஊற்றிக் குடிக்கட்டும், சின்னக் கெண்டியில் மணம் சிதறாது, சுவை தேங்கிக் கெடாது என்பது அவர் கருத்து. 1786இல் வூயி மலைக்குப் போன கவிஞர் யுவான் மெய், அங்குள்ள துறவிகள் கொடுத்த கோப்பை அக்ரூட் கொட்டை அளவும் கெண்டி நாரத்தங்காய் அளவும் இருந்ததாகச் சொல்கிறார். வூயிக்குத் தெற்கே ஃபூஜியான் கரையிலும் சாவ்ஜோவிலும் இந்தப் பழக்கம் வேரூன்றியது. அங்கிருந்து கப்பலேறி வந்தவர்களோடு நம் மலாயாவுக்கும் வந்தது. கிள்ளானில் பழைய சீன உணவுக்கடைகளில் மேசையோரம் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்க, வாடிக்கையாளர் தாமே இலை போட்டு ஊற்றிக்கொள்வதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நான் இதைக் கற்றதும் அந்த ஊரில்தான், சாவ்ஜோ வழிவந்த அண்டை வீட்டுப் பெரியவரிடம்.

சின்னக் கெண்டியில் செய்வதும் பெரிய கெண்டியில் செய்வதும் ஒரே வேலையின் இரண்டு அளவுகள் என்று நினைத்தால் தேநீர் கெட்டுப்போகும். 120 மில்லியில் நான் 6, 7 கிராம் ஊலோங் (பச்சைத் தேயிலைக்கும் பிளாக் டீக்கும் இடைப்பட்டது) போடுகிறேன். கொதிநீர் ஊற்றிப் பத்து விநாடியில் வடித்துவிடுகிறேன். அடுத்தது பத்து, அப்புறம் பதினைந்து என்று ஏழெட்டு முறை ஒரே இலையில் ஓடும். முதல் சுற்றில் மணம், மூன்றாவதில் கெட்டியான சுவை, ஆறாவதில் இனிப்பு. 400 மில்லி கெண்டியில் அதே விகிதத்தில் இலை போட்டால் இருபது கிராமுக்கு மேல் போகும், ஒருவர் குடிக்கவும் முடியாது. அதனால் பெரியதில் 5 கிராம், மூன்று நான்கு நிமிடம், இரண்டு சுற்று. கிடைப்பது சராசரியான ஒரு நல்ல தேநீர். சுற்றுக்குச் சுற்று மாறுவதைப் பெரிய கெண்டி காட்டாது.

வெப்பமும் அளவைப் பொறுத்தது. 800 மில்லி கெண்டி 100 மில்லி கெண்டியைப்போல எட்டு மடங்கு தண்ணீர் பிடிக்கும், ஆனால் வெளிப்பரப்பு நான்கு மடங்குதான். அதாவது சின்னதில் ஒவ்வொரு மில்லி தண்ணீருக்கும் இரண்டு மடங்கு பரப்பு வழியாகச் சூடு வெளியேறுகிறது. சாவ்ஜோக்காரர்கள் மூடி போட்டபின் கெண்டியின் மேலும் கொதிநீர் ஊற்றுவது இதற்காகத்தான், சடங்குக்காக அல்ல. பெரிய கெண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை, அதன் ஆபத்து வேறு: சூட்டை விடாமல் பிடித்துவைத்துப் பச்சைத் தேயிலையை வேகவைத்துவிடும். கீரை வெந்த வாடை வரும். பச்சைத் தேயிலைக்கு மண்ணே வேண்டாம், பீங்கான் போதும் என்பது என் முடிவு. மண்ணில்தான் போடுவேன் என்றால் வாய் அகன்ற, தட்டையான கெண்டி எடுத்து மூடியைத் திறந்துவையுங்கள்.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜூனி என்று ஒரு சிவப்பு மண் உண்டு. சூளையில் மற்ற மண்ணைவிட மிக அதிகமாகச் சுருங்கும், அதனாலேயே பெரிய கெண்டியாகச் செய்ய மிகவும் கஷ்டம், கடையில் கிடைப்பவை பெரும்பாலும் சிறியவை. சுவர் மெல்லியது, தட்டினால் கிணீர் என்று ஒலிக்கும். வாசனை மிகுந்த ஊலோங்குக்கு அதைப்போல வேறு இல்லை. அப்படி ஒன்றை, 90 மில்லி, குளிர்சாதனம் ஓடிய அறையில் இரவு முழுக்க வைத்திருந்து காலையில் நேரே கொதிநீர் ஊற்றினேன். மெல்லிய ஒரு சத்தம், பிடியிலிருந்து அடிவரை மயிரிழை விரிசல். வெதுவெதுப்பான தண்ணீரை முதலில் ஊற்றி ஒரு நிமிடம் விட்டிருந்தால் போதும். கெண்டி சின்னதாகவும் மெலிதாகவும் இருக்க இருக்க இந்தக் கவனம் கூடுதலாக வேண்டும்.

ஊற்றும் வேகத்தை யாரும் கேட்பதே இல்லை. நான் கடையில் முதலில் பார்ப்பது அதைத்தான். தண்ணீர் நிரப்பித் தரச் சொல்லுங்கள், நல்ல கடையில் தருவார்கள். 120 மில்லி கெண்டி பத்து விநாடிக்குள் காலியாக வேண்டும். பத்து விநாடி ஊறவேண்டிய தேநீர் வடிய இருபத்தைந்து விநாடி எடுத்தால் கடைசிக் கோப்பை கசக்கும். சாவ்ஜோ முறையில் மூன்று கோப்பைகளை ஒட்டிவைத்து மேலே வட்டமாகச் சுற்றிச் சுற்றி ஊற்றுவார்கள், எல்லாருக்கும் ஒரே அடர்த்தி கிடைக்க. அதற்கு 'குவான் கோங் நகரைச் சுற்றி வருகிறார்' என்று பெயர். கடைசிச் சொட்டுகளைக் கோப்பைக்கு ஒன்றாக விடுவதற்கு 'ஹான் சின் படைவீரரை எண்ணுகிறார்' என்று பெயர். இரண்டு பேரும் பழைய படைத்தலைவர்கள். மெதுவாக ஒழுகும் மூக்கோடு இந்த வேலை நடக்காது.

மூடியின் துளையை விரலால் அடைத்தால் ஓட்டம் நிற்க வேண்டும் என்ற சோதனையைப் பலர் சொல்வார்கள். மூடி நன்றாகப் பொருந்துகிறது என்பதற்கு அது அடையாளம், அவ்வளவுதான். கொஞ்சம் ஆடும் மூடியோடு அருமையாக ஊற்றும் பழைய கெண்டிகள் என்னிடம் உண்டு. ஊற்றி முடித்ததும் மூக்கின் அடியில் சொட்டு வழிகிறதா, பிடியைப் பிடித்தால் விரல் கணு கெண்டியின் உடம்பில் சுடுகிறதா என்று பாருங்கள். சின்னக் கெண்டிகளில் இரண்டாவது குறை அதிகம், பெரிய கை உள்ளவர்களுக்கு 80 மில்லி பிடி சித்திரவதை. உள்ளே மூக்கின் வாயில் ஒற்றைத் துளை இருந்தால் முழு இலைக்கு மட்டுமே சரி, உடைந்த இலை அடைத்துக்கொள்ளும். பல துளை வைத்த சல்லடையோ, கோலிக்குண்டுபோல் புடைத்த சல்லடையோ இருந்தால் கவலை குறைவு.

மண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊதா மண் பழகுவதற்கு எளிது, பூ-அர் என்ற புளிக்கவைத்த தேயிலை, வறுத்த ஊலோங், சிவப்புத் தேநீர் (நாம் பிளாக் டீ என்பது) எல்லாவற்றுக்கும் ஒத்துப்போகும். மஞ்சள் கலந்த துவான்னி மண்ணில் துளைகள் அதிகம், கூர்மையான சுவையை மழுக்கும், அழுக்கும் சீக்கிரம் தெரியும். சூளைச் சூடு பொதுவாக 1100 முதல் 1200 பாகை செல்சியஸ். உயர்ந்த சூட்டில் இறுகிய சின்னச் சிவப்புக் கெண்டி மணத்தை உறிஞ்சாது, அதில் ஒன்றுக்கு மேற்பட்ட தேயிலை போடலாம். கெண்டிக்கு ஒரே தேயிலைதான் என்ற விதியை நான் முழுதாகப் பின்பற்றுவதில்லை. பூ-அர் போன்ற மண்வாசனை இலைகளுக்கு ஒன்று, மலர்வாசனை ஊலோங்குகளுக்கு ஒன்று, அவ்வளவு பிரித்தால் போதும்.

யீசிங்கின் மரபு முறையில் கெண்டியைச் சக்கரத்தில் சுற்றுவதில்லை. மண்ணைச் சுத்தியால் தட்டித் தகடாக்கி, நாடாவாக வெட்டிச் சுருட்டி, மரத்தட்டையால் அடித்தடித்து உருண்டையாக்குவார்கள். சாவ்ஜோவின் சிவப்பு மண் கெண்டிகள் சக்கரத்தில் செய்தவை, உள்ளே விரல் ஓடிய வரிகள் தெரியும். இரண்டையும் குழப்பி விற்பார்கள். சாவ்ஜோ கெண்டி மட்டம் இல்லை, சின்ன அளவில் நன்றாகவே வேலை செய்யும், யீசிங் விலை கொடுக்கத்தான் தேவையில்லை. மஞ்சள் நாக மலையில் தோண்டுவது 2000களின் நடுவில் நிறுத்தப்பட்டது, அசல் மலை மண் என்ற பேச்சுக்கு விலை ஏறியது அதனால்தான். 2010இல் சீன அரசுத் தொலைக்காட்சி, சாதாரண மண்ணில் ரசாயனச் சாயம் கலந்து ஸிஷா என்று விற்பதை அம்பலப்படுத்தியது. கண்ணைப் பறிக்கும் ஊதா, கிளிப்பச்சை, நீலம் இருந்தால் தொடாதீர்கள். கொதிநீர் ஊற்றி முகர்ந்து பாருங்கள். மழை விழுந்த மண் வாசனை சரி, பெயிண்ட் வாசனையோ மெழுகு வாசனையோ வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சேகரிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். பெயரைத் துரத்தினால் முடிவே இல்லை. 20ஆம் நூற்றாண்டின் பெரிய கைகளில் ஒருவரான கு ஜிங்ஜோ (1915–1996) செய்த தேநீர்த் தொகுதி ஒன்று 2015இல் 9 கோடி யுவானுக்கு மேல் ஏலம் போனது. அந்தப் பக்கம் நமக்கு வேலையில்லை. ஹுய் மெங்சென் என்ற 17ஆம் நூற்றாண்டுக் குயவர் சின்னக் கெண்டிக்குப் பேர்போனவர். அவருக்குப் பிறகு மூன்று நூற்றாண்டுகளாகச் சின்னக் கெண்டி செய்த பலரும் அவர் பெயரையே அடியில் குத்தினார்கள், மெங்சென் என்றாலே சின்னக் கெண்டி என்று ஆகிவிட்டது. ஆகவே அந்த முத்திரையைக் காட்டிப் பழையது என்று சொன்னால் நம்பாதீர்கள். யீசிங்கில் 'முதல் ஆலை' என்ற தொழிற்சாலையில் செய்து ஏற்றுமதியான ஷுயிபிங் கெண்டிகள், அதாவது தண்ணீரில் மிதக்கவிட்டால் சாயாமல் நிற்கும்படி மூக்கும் பிடியும் எடை ஒத்த வடிவம், ஒருகாலத்தில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மலிவாகக் கிடைத்தன. இப்போது அவற்றிலேயே போலி அதிகம். ஒரே வடிவத்தை நான்கு, ஆறு, பத்துக் கோப்பை என்று வரிசையாகச் சேர்ப்பது கண்ணுக்கு அழகான சேகரிப்பு, எனக்கும் ஷுயிபிங்கில் அப்படி ஒரு வரிசை உண்டு. ஆனால் ஒவ்வொன்றையும் மாதம் ஒருமுறையாவது புழங்கிவிடுகிறேன். அலமாரியிலேயே கிடக்கும் கெண்டி நம் ஊர் ஈரத்தில் பூசண வாடை பிடித்துவிடும்.

ஆக, உங்களுக்கு என் கணக்கு: தனியாகவோ மனைவியோடோ குடிப்பதற்கு 100 முதல் 130 மில்லிக்குள் ஊதா மண்ணில் ஒன்று, அதுவே முதல் கெண்டி. ஒரு வருடம் அதையே புழங்குங்கள். நண்பர்கள் நாலைந்து பேர் வந்தால் 180 முதல் 220 மில்லியில் இரண்டாவது. 250, 300 மில்லியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், குறுகிய சுற்றுகளுக்குப் பெரிது, குடும்பத்துக்கு ஊற்றச் சிறிது. 60 மில்லிக்குக் கீழே உள்ள குட்டிகளைப் பார்த்தால் ஆசை வரும், ஒருவர் விலையுயர்ந்த இலையைச் சோதிக்க மட்டுமே அவை.

சோப்பு போடாதீர்கள். குடித்து முடித்த உடனே இலையைக் கொட்டி, வெந்நீரில் அலசி, மூடியைக் கழற்றித் தனியாக வைத்துக் காயவிடுங்கள். நாளாக ஆக வெளிப்புறம் தானாகவே மெருகேறும். சீனர்கள் இதைக் கெண்டியை வளர்ப்பது என்பார்கள். சீக்கிரம் பளபளக்க வேண்டுமென்று எண்ணெய் தடவுகிறார்கள் சிலர், துளைகள் அடைத்துக்கொள்ளும். நம் டீத்தூள் சல்லடையை அடைக்கும், பாலும் சீனியும் மண்ணுக்குள் இறங்கிப் புளிக்கும். நீலகிரியிலிருந்தோ டார்ஜிலிங்கிலிருந்தோ முழு இலைத் தேயிலை கிடைத்தால் தாராளமாகப் போடலாம், பால் இல்லாமல்.

தாத்தாவின் கெண்டிக்கு வருகிறேன். ஈய லம்பத்தில், அதாவது ஈயச் சுரங்கத்தில், அவரோடு வேலை செய்த சீன நண்பர் கொடுத்தது, ஏறக்குறைய 700 மில்லி பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கின் லம்பங்களில் சீனத் தொழிலாளர்கள் குடித்தது குவாங்சி மாநிலத்திலிருந்து வந்த லியூ பாவ் என்ற, புளிக்கவைத்த கறுப்புத் தேயிலை. காலையில் பெரிய கெண்டியில் இலை போட்டு நாள் முழுக்க ஊற்றிக் குடிப்பார்கள், ஊற ஊறக் கசக்காத இலை அது. அந்த அளவுக் கெண்டி பெரும்பாலும் அப்படிப் புழங்கியதுதான். சின்னக் கெண்டிக்காக நான் இவ்வளவு பேசினாலும், இந்த ஒரு தேயிலைக்கு எங்கள் வீட்டிலும் பெரியதைத்தான் எடுக்கிறேன்.

முதலில் உள்பக்கம் பளபளப்புப் பூச்சோ வண்ணமோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் குடிக்க வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள். வெறும் மண்ணாக இருந்தால், பழைய நாளிதழ் மேல் வைத்து வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி ஓர் இரவு விடுங்கள். தாள் நனையாவிட்டால் விரிசல் இல்லை. பிறகு அடியில் துணி விரித்த பானையில் குளிர்ந்த நீரில் கெண்டியையும் மூடியையும் தனித்தனியாக வைத்து மெல்லச் சூடேற்றி அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, அப்படியே ஆறவிடுங்கள். வாடை போகும்வரை இரண்டு மூன்று முறை செய்யலாம். மூடியைப் பத்திரமாக வையுங்கள், சூளையில் கெண்டியும் மூடியும் ஒன்றாக வெந்தவை, இன்னொரு மூடி சரியாக உட்காராது. லியூ பாவ் 8 கிராம் போட்டு, முதல் தண்ணீரை ஊற்றிய உடனே கொட்டிவிட்டு, மறுபடி நிரப்பி ஐந்து நிமிடம் விடுங்கள். ஈப்போவில் பழைய தேயிலைக் கடைகளில் லியூ பாவ் இன்றும் கிடைக்கிறது, கேட்டால் முகர்ந்து பார்க்கக் கொடுப்பார்கள்.